தெற்குக் காற்று

விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வடகரையில், மார்பிள்ஹெட் முனைக்கு அருகே உள்ள பொதுப் படகுத்துறையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஒரு டிரெய்லர், அதன்மேல் ஒரு படகு. மே மாதத் தொடக்கத்துச் சனிக்கிழமை. ஈரி ஏரியில் வால்ஐ மீன் கடிக்கும் பருவம். இந்த மீனின் மேல் இந்தக் கரைக்காரர்களுக்கு இருக்கும் பற்று பெரிது. பக்கத்து ஊரான போர்ட் கிளின்டனில் புத்தாண்டு நள்ளிரவில் பெரிய வால்ஐ உருவம் ஒன்றை மேலிருந்து கீழே இறக்கித்தான் புது வருடத்தை வரவேற்கிறார்கள்.

துறையின் ஓரத்தில் ஒரு மர பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் படகுகளை நீருக்குள் இறக்கும் சிமென்ட் சாய்தளம் முழுவதும் தெரிகிறது. எதிரே கெல்லீஸ் தீவின் விளக்குகள். தியாகராஜ ஆராதனையால் நம்மவர்களுக்குப் பழக்கமான கிளீவ்லாந்து இதே கரையில்தான், கிழக்கே, சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இங்கே யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் தண்ணீரின் மேல்.

தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. காற்று இல்லாமல் இல்லை, என் முதுகில் படுகிறது. தெற்கிலிருந்து வருகிறது. கரையிலுள்ள மரங்களையும் வீடுகளையும் தாண்டி வருவதால் முதல் சில நூறு அடி தண்ணீரை அது தொடுவதே இல்லை. அதற்கப்பால்தான் ஏரியில் இறங்கி ஓடத் தொடங்குகிறது. கரையில் நிற்பவருக்கு ஏரி அமைதியாகத் தெரியும். ஐந்து மைல் வெளியே போனவருக்கு அதே நேரத்தில் அலை படகின் விளிம்பை எட்டிக்கொண்டிருக்கும். தெற்குக் காற்று அடிக்கும் காலைகளில் இந்தத் துறை அப்படித்தான் ஏமாற்றுகிறது.

முதல் வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்குகிறார். வெளுத்துப்போன பச்சைத் தொப்பி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இறங்கியதும் அவர் படகை நெருங்கவில்லை. தண்ணீரின் விளிம்புவரை நடந்துபோய், தீவைப் பார்க்கிறார். பிறகு தலையைத் திருப்பி வடமேற்கைப் பார்க்கிறார். அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்க்கிறார். வண்டிக்குத் திரும்பி வானொலியைத் திருகுகிறார். வானிலைத் துறையின் இயந்திரக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கிறது: காலையில் தெற்குக் காற்று, 10 முதல் 15 நாட் வேகம். பிற்பகலில் வடமேற்காகத் திரும்பி 25 நாட். அலை 4 முதல் 6 அடி. பிற்பகல் 1 மணி முதல் சிறு படகுகளுக்கு எச்சரிக்கை.

ஈரி உட்பட்ட அமெரிக்கப் பேரேரிகளில் காற்று 22 நாட்டைத் தொடும் என்றாலோ, அலை 4 அடி எழும் என்றாலோ இந்த எச்சரிக்கையைத் தருகிறார்கள். 34 நாட்டுக்கு மேல் போனால் அது புயல்காற்று எச்சரிக்கை. இதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 4 அடி அலை என்று அறிவித்தால் எந்த அலையும் 4 அடியைத் தாண்டாது என்று பொருளில்லை. எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். நடுவே ஒன்று ஏறக்குறைய அதன் இரு மடங்கு உயரத்தில் எழுந்து வரும். பதினாறு அடிப் படகை நிரப்ப அந்த ஒன்றே போதும்.

துறையில் நிற்கும் எல்லோரிடமும் இந்தச் செய்தி இருக்கிறது. எல்லோர் கையிலும் கைபேசி. லோரெய்னுக்கு வடமேற்கே ஏரியின் நடுவில் மிதக்கும் ஆய்வு மிதவை சொல்லும் காற்றையும் அலையையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இங்கே அறியாமை என்று எதுவும் இல்லை. ஒரே அறிவிப்பை ஒருவர் "ஒரு மணிக்குமேல் ஆபத்து" என்று கேட்கிறார், இன்னொருவர் "ஒரு மணிவரை கவலையில்லை" என்று கேட்கிறார். இந்தக் காலையில் நான் பார்த்ததெல்லாம் இந்த இரண்டு செவிகளின் கதைதான்.

பெரியவர் படகின் பின்புறம் குனிந்து கையை அடியில் விடுகிறார். நீர் வடியும் துளையின் தக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். எழுந்து, பெட்ரோல் கலனை ஆட்டிப் பார்க்கிறார். தண்ணீர் இறைக்கும் பம்பின் விசையைத் தட்டுகிறார். பம்பு உறுமுகிறது. ரேடியோவை 16-ஆம் அலைவரிசையில் வைக்கிறார். அபாயக் குரலைக் கடலோரக் காவல்படை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. பிறகு ஒரு தாளை மடித்து, வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் கொடுக்கிறார். எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அம்மாள் அதைப் படிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் வாங்கி வைத்துப் பழகிய கை.

"பத்தரைக்கு வந்துடுவேன்."

"பத்தரைக்குப் பாப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு.

இரண்டாவது வரிசையில் ஓர் அப்பாவும் எட்டு வயது மதிக்கத்தக்க மகளும். குழந்தையைப் படகில் ஏற்றுவதற்கு முன்பே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுகிறார். வார்களை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குகிறார். பிறகு ஜாக்கெட்டின் இரு தோள்களையும் பிடித்து அப்படியே மேலே தூக்கிப் பார்க்கிறார். ஜாக்கெட் முகத்துக்கு ஏறிவரவில்லை, குழந்தைதான் மேலே வருகிறாள். சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஒஹாயோவில் 18 அடிக்குக் குறைவான படகில் போகும் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்குச் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆளுக்கு ஒன்று படகில் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. இந்த அப்பாவுடையது இருக்கையின் முதுகில் தொங்குகிறது.

குழந்தை கீழே இறங்கியதும் கேட்கிறாள்: "அப்பா, உங்களோடது எங்கே?"

அவர் ஒரு கணம் நிற்கிறார். திரும்பிப் போய் எடுத்து மாட்டிக்கொள்கிறார். வாரை இறுக்குகிறார். அவள் தன் சிறு கைகளால் அவர் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க முயல்கிறாள். முடியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் மட்டும் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவதாக அவர் யாரிடமோ தொலைபேசியில் சொல்வது கேட்கிறது.

மூன்றாவதாக இரண்டு இளைஞர்கள். நெடுந்தூரத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறார்கள். வண்டிக் கண்ணாடியில் பூச்சிகள் அப்பியிருக்கின்றன, இருக்கையில் காப்பிக் குவளைகள் கிடக்கின்றன. பதினாறு அடி அலுமினியப் படகு. பின்புறம் எஞ்சினுக்காகத் தாழ்வாக வெட்டிய பலகை. உள்நாட்டுச் சிறு ஏரிகளுக்குப் பொருத்தமான படகு அது. ஐஸ் பெட்டி, மீன் பெட்டி, ஆறு தூண்டில் கோல்கள், பாட்டரிகள் எல்லாம் ஏறுகின்றன. லைஃப் ஜாக்கெட்டுகள் இரண்டும் முன்னிருக்கைக்கு அடியில் போகின்றன. அவற்றின்மேல் நங்கூரக் கயிறு, கயிற்றின்மேல் ஐஸ் பெட்டி.

இந்த ஒன்றைப் பார்த்தபோதுதான் எழுந்துபோய் ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. படகு புரளும்போது அந்த ஐஸ் பெட்டியை நகர்த்தி, கயிற்றை விலக்கி, ஜாக்கெட்டை இழுத்து மாட்டிக்கொள்ள யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. தண்ணீரின் வெப்பநிலை இன்று 10 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கிறது. வெளியே வெயில் ஏறினால் 20 டிகிரிக்கு மேல் போகும். எல்லோரும் காற்றுக்கு ஏற்ற உடையில் வருகிறார்கள், தண்ணீருக்கு ஏற்ற உடையில் வருவதில்லை. 10 டிகிரி நீரில் திடீரென்று விழும் உடம்பு தன்னையறியாமல் வாயைத் திறந்து மூச்சை இழுக்கும். தலை நீருக்கு அடியில் இருக்கும் கணத்தில் அந்த மூச்சு வந்தால் நீந்தத் தெரிந்தவரும் அங்கேயே முடிந்துபோவார். குளிர்நீரில் தன் உடம்பையே இறக்கிச் சோதித்த கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்பாமல் இருக்க 1 மணி. அந்தக் கடைசி ஒரு மணி நேரம் முகத்தை நீருக்கு மேல் தாங்க ஏதாவது இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

இளைஞர்கள் எஞ்சினை இழுத்து உயிர்ப்பிக்கிறார்கள். சிவப்புச் சுருள்கயிறு ஒன்று எஞ்சினில் தொங்குகிறது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்கான கயிறு. 26 அடிக்குக் குறைந்த படகை வேகமாக ஓட்டும்போது அதை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் விதி இருக்கிறது. பின்னால் உட்கார்ந்த இளைஞன் அதை முழங்காலுக்கு மேல் சுற்றி மாட்டிக்கொள்கிறான். என் மனம் கொஞ்சம் ஆறுகிறது. படகு கரையை விட்டு நேராக வடக்கே, திறந்த ஏரியை நோக்கிப் போகிறது.

சூரியன் வந்துவிட்டது. துறை மெல்லக் காலியாகிறது.

பேரேரிகள் ஐந்தில் ஈரிதான் ஆழம் குறைந்தது. சுமார் 388 கிலோமீட்டர் நீளம், 25,700 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆனால் சராசரி ஆழம் 19 மீட்டர். மீன் மிகுந்த இந்த மேற்குப் பகுதியில் சராசரி 7 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சுப்பீரியர் ஏரியின் சராசரி ஆழம் 147 மீட்டர். ஆழம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ஆழமான நீரில் அலை நீண்டு புரண்டு வரும், படகு அதில் ஏறி இறங்க இடம் இருக்கும். இங்கே அலையின் அடி ஏரித்தரையை உணர்கிறது. நெருங்கி, செங்குத்தாக எழுந்து, ஒன்று போய் நாலைந்து நொடிக்குள் அடுத்தது வந்து அறைகிறது. முதல் அலையில் ஏறிய படகின் முன்முனையான அணியம் கீழே இறங்கும்போது இரண்டாவது அலை அதன்மேலேயே உடைகிறது. தாம்பாளத்துத் தண்ணீரைத் தட்டினால் விளிம்பு தாண்டிச் சிந்துவதைப்போல, இந்த ஏரி முழுவதுமே காற்றுக்குச் சாய்கிறது. பலத்த தென்மேற்குக் காற்று அடித்தால் மேற்கே டொலிடோவில் நீர் வற்றிச் சேறு தெரியும். அந்த நீர் கிழக்கே பஃபலோவில் ஏறி நிற்கும். இரு முனைகளின் நீர்மட்டத்துக்கு இடையே 2 மீட்டருக்கு மேல் வேறுபாடு வருவதுண்டு.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. முனையில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1822-இல் கட்டியது. பேரேரிகளின் அமெரிக்கக் கரையில் இடைவிடாமல் எரிந்துவரும் விளக்குகளில் இதுவே மூத்தது. 1875 மே 1 அன்று கல் ஏற்றிவந்த கன்சுவேலோ என்ற பாய்மரக் கப்பல் இந்தக் கரைக்கு வெளியே கவிழ்ந்தது. கிளெமன்ஸ் குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் ஒரு சின்னத் துடுப்புப் படகில் அந்த அலைக்குள் போய் இருவரை உயிரோடு மீட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு முதன்முதலாக வழங்கிய உயிர்காப்புத் தங்கப் பதக்கங்கள் அவர்கள் மூவருக்கும்தான். மீட்பவர்கள் எந்தக் காலத்திலும் இந்தக் கரையில் இருந்திருக்கிறார்கள். இப்போதும் கடலோரக் காவல்படை நிலையம் ஒன்று மார்பிள்ஹெட்டிலேயே இருக்கிறது. ஆனால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும் நீரில் எவ்வளவு நல்ல மீட்பரும் தாமதமாகத்தான் வந்து சேர முடியும்.

பத்து மணிக்கு முன்பே அப்பாவும் மகளும் திரும்பிவிடுகிறார்கள். பெட்டியில் மூன்று மீன்கள். சட்டம் ஆளுக்கு ஆறு அனுமதிக்கிறது. அவள் ஒன்றை இரு கையாலும் தூக்கிப் பிடிக்க, அவர் படம் எடுக்கிறார். இருவருக்கும் இன்னும் ஜாக்கெட் உடம்பில் இருக்கிறது. டிரெய்லரில் படகை ஏற்றிக் கட்டிய பிறகுதான் கழற்றுகிறார்கள்.

பெரியவர் பத்து இருபதுக்கு வருகிறார். அவருடைய பெட்டியை நான் பார்க்கவில்லை. மனைவி கைப்பையிலிருந்து தாளை எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறார். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படகை மேலே இழுத்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்துகிறார். வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீரின் விளிம்புக்குப் போய் வடமேற்கைப் பார்த்தபடி நிற்கிறார். மனைவி பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுக்கிறார்.

இந்த நேரத்தில் புதிதாக ஒரு வண்டி வருகிறது. மூன்று நண்பர்கள். இறங்கி ஏரியைப் பார்க்கிறார்கள், கைபேசியைப் பார்க்கிறார்கள், மறுபடி ஏரியைப் பார்க்கிறார்கள். ஒருவர் கையை விரித்து ஏதோ வாதாடுகிறார். வெகுதூரம் வந்தாகிவிட்டது, விடுப்பு எடுத்தாகிவிட்டது, பெட்ரோலுக்குச் செலவழித்தாகிவிட்டது என்பதுதான் வாதமாக இருக்க வேண்டும். என் எண்ணத்தில் ஏரியில் சாகிறவர்களை அலையை விட அதிகமாகக் கொல்வது இந்த வாதம்தான். உள்ளூர்க்காரருக்கு நாளையும் ஏரி இருக்கும். தூரத்திலிருந்து வந்தவருக்கு இன்று மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. கால் மணி நேரம் பேசிய பிறகு மூவரும் வண்டியில் ஏறுகிறார்கள். படகு டிரெய்லரிலேயே, நனையாமல், வந்த வழியே திரும்புகிறது. அவர்கள் முகத்தில் தோல்வி தெரிகிறது. எழுந்து நின்று கைகுலுக்கத் தோன்றியது எனக்கு. இப்படித் திரும்பிப் போனவர்களை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

திரும்பாதவர்கள் நிறைந்த ஒரு நாளும் இந்த ஏரிகளின் வரலாற்றில் இருக்கிறது. 1966-இல் மிச்சிகன் மாநிலம் மிச்சிகன் ஏரியின் ஓடைகளில் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டது. மீன்வளத் துறையில் ஹவார்ட் டேனரும் வேய்ன் டோடியும் முன்னின்று செய்த வேலை. மறு ஆண்டே அவை பெருத்துக் கரைக்கு வந்தன. பெரிய மீன், யாருக்கும் பழக்கமில்லாத மீன். எங்கெங்கிருந்தோ மக்கள் படகுகளை இழுத்துக்கொண்டு அந்த ஏரியின் பிளாட் விரிகுடாவுக்கு ஓடினார்கள். சிற்றேரிகளில் ஓட்டுவதற்கான சின்னப் படகுகள் நூற்றுக்கணக்கில் பேரேரியில் இறங்கின. 1967 செப்டம்பர் 23, சனிக்கிழமை. எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பலரும் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் மீன் கடித்துக்கொண்டிருந்தது. காற்று திடீரென்று எழுந்தபோது எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையை நோக்கித் திரும்பின. கரையில் அலை உடையும் இடத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. ஏழு பேர் இறந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்குத் தெற்குக் காற்று நிற்கிறது. கொடியொன்று கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. ஏரி இப்போது காலையை விடவும் அழகாக இருக்கிறது. பெரியவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுகிறார். வடமேற்கு அடிவானத்தில் கரியால் கோடு போட்டதுபோல ஒரு மேகம். நீர்க்காகங்கள் தாழப் பறந்து கரைக்கு வருகின்றன. காற்று இல்லாத இந்தக் கால் மணிதான் வெளியே இருப்பவர்களுக்கு ஏரி தரும் கடைசி அவகாசம். துரதிர்ஷ்டம், இதே நேரத்தில்தான் மீன் வெறிகொண்டு கடிக்கும் என்று தூண்டில்காரர்கள் நம்புகிறார்கள்.

படகுகள் வரத் தொடங்குகின்றன. முதலில் இரண்டு, பிறகு கூட்டமாக. துறையில் வரிசை நீள்கிறது. டிரெய்லரை இறக்கக் காத்திருப்பவர்கள், படகைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். அந்த இளைஞர்கள் அதில் இல்லை.

காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. முதலில் குளிராக முகத்தில் படுகிறது, அடுத்த நிமிடம் தொப்பிகள் பறக்கின்றன. இனி கரை யாருக்கும் மறைப்பில்லை. காற்று நெடுந்தூரம் திறந்த நீரில் ஓடிவந்து நேராக இந்தக் கரையில் இறங்குகிறது. அரை மணிக்குள் தீவின் நிறம் மங்கி, நடுநீர் முழுவதும் அலைமுகடுகள் வெள்ளையாக உடைகின்றன.

அவர்களைப் பெரியவர்தான் முதலில் பார்க்கிறார். கையை நீட்டுகிறார். வெகுதூரத்தில் ஒரு சாம்பல் புள்ளி. அலைக்குழியில் இறங்கும்போது மறைந்து, மறுபடி தெரிகிறது. அலை இப்போது அவர்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. எதிர் அலையில் வேகத்தைக் குறைத்து, முகத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக ஏறிப் போகலாம். பின்னாலிருந்து தள்ளும் அலையில் அப்படிச் செய்ய வழியில்லை. வேகம் கூடினால் அணியம் முன்னலையில் குத்தும், படகு குறுக்கே திரும்பிப் புரளும். வேகம் குறைந்தால் பின்னலை எஞ்சினைத் தாண்டி உள்ளே கொட்டும். ஓர் அலையின் முதுகிலேயே உட்கார்ந்து அதன் வேகத்திலேயே வர வேண்டும். அதைத்தான் அந்த இளைஞன் செய்ய முயல்கிறான். முன்னால் இருந்தவன் இப்போது படகின் நடுவில், தரையில் உட்கார்ந்திருக்கிறான். நல்லது. எடை தாழ்வாக இருக்கிறது. இருவர் உடம்பிலும் ஆரஞ்சு நிறம். எப்படியோ ஐஸ் பெட்டியை நகர்த்தி ஜாக்கெட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

எஞ்சின் திக்கி ஒலிக்கிறது. ஓர் அலை பின்பலகையைத் தாண்டுகிறது. நடுவில் இருப்பவன் வாளியால் இறைக்கிறான். படகு எழும்பாமல் கனத்துக் கிடக்கிறது. அது முழுகினாலும் முற்றாக அடியில் போய்விடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். 1971-இல் அமெரிக்கா கொண்டுவந்த படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி, இவ்வகைச் சிறு படகுகள் நீர் நிரம்பிய பிறகும் மிதக்கும்படி உள்ளே மிதவைப் பொருள் வைத்துக் கட்ட வேண்டும். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாதே, படகைப் பற்றிக்கொள், முடிந்தால் அதன்மேல் ஏறு என்று சொல்லிக்கொடுப்பது அதனால்தான். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதை விடத் தள்ளியே இருக்கிறது. தேடி வருபவர் கண்ணுக்கும் படகு தெரியும், தனித் தலை தெரியாது.

பெரியவர் காலணியோடு முழங்கால் நீரில் இறங்கிவிட்டார். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, இடதுபுறம் காட்டுகிறார். அலைதடுப்புச் சுவரின் மறைவு அந்தப் பக்கம். இளைஞன் புரிந்துகொள்கிறான். அங்கே திரும்பினால் ஒரு கணம் அலைக்குக் குறுக்கே வந்தாக வேண்டும். அவன் காத்திருக்கிறான். ஒரு பெரிய அலை, இன்னொன்று, மூன்றாவது கடந்ததும் எஞ்சினை முடுக்கித் திருப்புகிறான். படகு சாய்கிறது. நிமிர்கிறது. சுவரின் மறைவுக்குள் வந்துவிடுகிறது.

நாலைந்து பேர் இறங்கி அணியத்தைப் பிடிக்கிறார்கள். படகுக்குள் முழங்கால் ஆழம் தண்ணீர். அதில் தூண்டில் கோல்களும் சில வால்ஐ மீன்களும் மிதக்கின்றன. ஓட்டிய இளைஞனின் விரல்கள் எஞ்சின் பிடியை விட்டுப் பிரிய மறுக்கின்றன. பெரியவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார். மனைவி வண்டியிலிருந்து இரண்டு கம்பளிகளோடு வருகிறார். யாரும் கண்டிக்கவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை.

"மீன் கடிச்சுக்கிட்டே இருந்ததுங்க" என்கிறான் இளையவன், யாரும் கேட்காமலே.

பெரியவர் தலையசைக்கிறார். "எப்பவும் கடிக்கும் தம்பி. இந்தா, முதல்ல இதைக் குடி."

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். இறப்புக்குக் காரணம் தெரிந்தவர்களில் 75 விழுக்காட்டினர் நீரில் மூழ்கி இறந்தார்கள். மூழ்கியவர்களில், ஜாக்கெட் பற்றிய விவரம் தெரிந்தவரை, 87 விழுக்காட்டினர் அதை அணியவில்லை. பெரும்பாலும் படகில் அது இருந்திருக்கும், ஏதாவது ஒரு பெட்டிக்கு அடியில்.

இந்த ஏரிகளின் கரைகளில் இன்று நம் மக்களும் நிறைய வாழ்கிறார்கள். டொராண்டோவில், சிகாகோவில், டெட்ராய்ட்டில், கிளீவ்லாந்தில். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள், பிள்ளைகள் படகில் போகலாம் என்று கேட்பார்கள், வாடகைக்குப் படகும் தூண்டிலும் கிடைக்கும். போங்கள், மீன் பிடியுங்கள். கிளம்புமுன் பிற்பகல் காற்று எந்தத் திசைக்குத் திரும்பும் என்று பாருங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். எஞ்சினைத் தொடுவதற்கு முன் படகில் ஏறிய ஒவ்வொருவரும், தாத்தா பாட்டி உட்பட, ஜாக்கெட்டை உடம்பில் மாட்டி வாரை இறுக்கிக்கொள்ளுங்கள்.